உழவுக்கருப்பர் குளிக்கப் போனார்

எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் அணைத்திருக்கிறீர்களா?

நான் அணைத்தேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். மண்டபம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அம்மாள் தன் வீட்டுச் சாமிக்குக் காட்ட ஏற்றிய கற்பூரம் அது. வலது உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதே பேனா அதன் மேல் உரசுகிறது.

'இந்த மனுஷனும் நாத்திகக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டானா?' என்று கேட்கத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு சத்திரம். அதன் மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஊர் வரலாற்றுக் கூடம் ஒன்று நடத்துகிறோம். மியூசியம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே கொஞ்சம் கூச்சம். கண்ணாடி அலமாரிகள், ஒரு நீள மேஜை, சுவரில் சில படங்கள்... அவ்வளவுதான். ஆனால் வருஷத்தில் ஒரு வாரம் அந்த இடம் களை கட்டிவிடும். சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றை இரவல் கொடுங்கள்" என்று கேட்போம். கொடுப்பார்கள். பிறகு கொடுத்தவர்களே குடும்பத்தோடு வந்து, தங்கள் வீட்டுப் பொருளையே புதிதாகப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

காரியதரிசி, வக்கீல் ரங்காச்சாரி. ஒழுங்கு தப்பினால் அவருக்கு மூச்சு முட்டும். பெரிய கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருக்கும் ஹனீபா பாய், தூக்குவது, நகர்த்துவது, கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நான் அளக்கிற ஆள். என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா உண்டு என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த வருஷம் வந்தவற்றில் என்னைக் கவர்ந்தது ஒரு தராசு. மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி ஒருவர் அனுப்பியது. கிலோ கணக்கு வந்த பிறகு வீசைக் கல்லுக்கெல்லாம் பென்ஷன் கொடுத்துவிட்டாராம். உத்தரத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டோம். ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய தட்டுகள்.

அடுத்தது, பீரங்கிக் குண்டுகள்.

நம் ஊரில் இது அதிசயமில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம் கோட்டைக்காக அடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், குண்டுகளை விட்டுவிட்டு. கிணறு தோண்டினாலும் கிடைக்கும், அஸ்திவாரம் தோண்டினாலும் கிடைக்கும். இந்தத் தடவை இரண்டு வந்தன. ஒன்று உறையூரில் ஒரு வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பொன்னம்மாளுடையது.

பொன்னம்மாளுக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம். கணவர் காலமான பிறகு தானே நின்று விவசாயம் பார்க்கிறவர். அவர் மாமனாரின் அப்பா ஒரு நாள் உழுதபோது கொழு எதிலோ மோதி ஏர் முறிந்ததாம். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோண்டினால் இந்த இரும்பு உருண்டை. காப்பாற்றியது இதுதான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மாடத்தில் வைத்துவிட்டார்கள். உழவில் கிடைத்ததால் உழவுக்கருப்பர். வெள்ளிதோறும் எண்ணெய்க் காப்பு, சந்தனம், நெற்றியில் குங்குமம், கற்பூரம்.

இரவல் கேட்கப் போனது நானும் பாயும்.

"மியூசியம்னா என்னாங்கய்யா?" என்றார் பொன்னம்மாள்.

"பழைய பொருளை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கிற இடம்மா."

"எங்க சாமி பழசு இல்லீங்களே. இன்னிக்கும் வீட்டுலதானே இருக்காரு?"

பாய்தான் சமாளித்தார். "ஊர் ஜனமெல்லாம் வந்து பார்க்கும்மா. உங்க வீட்டுப் பேரு நாலு பேருக்குத் தெரியும்."

பொன்னம்மாள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "சரி, தர்றேன். ஆனா தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் வந்து கற்பூரம் காட்டுவேன். தடுக்கக் கூடாது. சனிக்கிழமை விளக்கு வைக்கறதுக்குள்ள சாமி வீட்டுக்கு வந்துடணும். வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். தலையில் சும்மாடு கூட்டி அவரே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். பஸ்ஸில் யாரையும் தொடவிடவில்லையாம்.

விழாவுக்கு முந்தின நாள் தொண்டர்கள் சேர்ந்து பாத்திரங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தார்கள். "அழுக்கோட ஒரு சாமானும் மேஜை ஏறப்படாது" என்பது ரங்காச்சாரியின் உத்தரவு. அந்த உற்சாகத்தில் யாரோ உழவுக்கருப்பரையும் தேய்த்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்த எண்ணெயும் சந்தனமும் பாளம் பாளமாகப் பெயர்ந்து போயின. உள்ளே பளபளவென்று இரும்பு. குங்குமம் வைக்கிற இடத்தில் மட்டும் பழைய அரையணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம். அதை மரக்கட்டையால் அடைத்திருந்தது. வார்ப்பில் விழுந்த ஓட்டையை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னம்மாள் வந்து பார்த்துப் பதறிப் போனார். "சாமியத் தோலை உரிச்சுப்புட்டீங்களே!" முந்தானையால் துடைத்து, அந்த வட்டத்தின் மேலேயே புதுக் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். தினமும் காட்டினார். ரங்காச்சாரிக்கு மட்டும் முகம் சுளித்தது.

"இது மியூசியம் ஓய், கோயில் இல்லே. புகை மேலே போய் சீலிங் கறுக்கறது."

"அப்போ மேஜை மேலே குத்துவிளக்கு ஏற்றி வைத்திருக்கிறீர்களே?"

"அது டெக்கரேஷன்!"

வெள்ளிக்கிழமை வந்தது. விழாவில் அதிகக் கூட்டம் வருகிற நாள். ரிடையரான ஒரு ஜட்ஜ் தலைமை. பெண்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். மண்டபத்தில் இடமில்லாமல், கீழே இறங்கும் ஒற்றை மாடிப்படியிலும் படிக்கு இருவராக உட்கார்ந்திருந்தார்கள். செங்குத்தான படி. ஒருவர் ஏறினால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

ஜட்ஜ் மைக் முன்னால் பேசத் தொடங்கினார். பேச்சு நீளும் என்று தெரிந்ததும் மேஜை ஓரத்திலிருந்த சில பிள்ளைகள் நெளிந்தார்கள். அவர்களுக்கு வேடிக்கை காட்டலாம் என்று தராசுப் பக்கம் கூட்டிப் போனேன்.

"இந்த இரண்டு குண்டையும் அளந்து பார்த்தேன். சுற்றளவு ஒன்றுதான். நூல் பிசகில்லை. தராசில் வைத்தால் எது இறங்கும்?"

"ரெண்டும் சமமா நிக்கும் சார்!" என்றது ஒரு ரெட்டைச் சடை.

பாய் இரண்டையும் தூக்கித் தட்டுகளில் வைத்தார். எனக்கு முதுகுவலி. அளந்திருக்கிறேனே ஒழிய, நான் அவற்றைத் தூக்கிப் பார்த்ததில்லை. வைக்கும்போதே பாய் புருவத்தைச் சுருக்கினார்.

உறையூர்க் குண்டு விறுவிறுவென்று இறங்கியது. உழவுக்கருப்பர் மேலே போய்விட்டார்.

"சாமி லேசு!" பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தராசில் பிசகோ? தட்டை மாற்றி வைக்கச் சொன்னேன். மறுபடியும் கருப்பர் மேலே. தராசில் பிசகில்லை.

அளவு ஒன்று. இரும்பு ஒன்று. எடை மட்டும் எப்படிக் குறையும்?

ஒரே வழிதான். உள்ளே வேறு ஏதோ இருக்க வேண்டும்.

பாய் குண்டை எடுத்து மேஜையில் வைத்தார். தட்டில் அது இருந்த இடத்தில் கடுகு சிதறினாற்போல் கரிய தூள். மேஜையின் வெள்ளை விரிப்பிலும் அதே தூள். காலையிலும் பார்த்தேன், துரு என்று தட்டிவிட்டேன். இப்போது விரலில் ஒற்றி முகர்ந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலில் ஒரு வாடை வருமே... அந்த வாடை.

கோட்டைச் சண்டையைப் பற்றிப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டிருந்தது. எல்லாக் குண்டும் கெட்டிக் குண்டு இல்லை. சிலவற்றைக் கூடாக வார்த்து, மருந்து கெட்டித்து, வாயை மரக்கட்டையால் அடைத்து, அதில் திரி வைத்துச் சுடுவார்கள். விழுந்த இடத்தில் வெடிக்கும். திரி அணைந்து போனால் வெடிக்காது. அப்படியே மண்ணில் புதையும்.

மரக்கட்டை. அரையணா அகலம். அதற்கு மேலே குங்குமப் பொட்டு. இத்தனை நாளும் எண்ணெயும் சந்தனமும் அரக்கு மாதிரி அந்த வாயை மூடிக் காத்திருக்கின்றன. அதைத்தான் நாங்கள் புளி போட்டுத் தேய்த்துவிட்டோம்.

அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு.

விளக்குக்குச் சூட்டியிருந்த மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, திரியை ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள் தள்ளி விளக்கை மலையேற்றினேன். வெள்ளிக்கிழமை, அந்தி நேரம், சபை நடுவில்! ரங்காச்சாரி பார்த்துவிட்டார். ஓடி வந்தார்.

"என்னங்காணும் பண்றீர்? புத்தி பேதலிச்சுடுத்தா?"

"கத்தாதீர்கள். இந்தக் குண்டுக்குள்ளே வெடிமருந்து இருக்கிறது. மரக்கட்டை வழியாகக் கசிகிறது."

அவர் என்னைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். "இருநூறு வருஷத்து மருந்து ஓய்! மண்ணாப் போயிருக்காதா?"

"வாய் கட்டின ஊறுகாய் ஜாடி கெட்டா போகிறது?"

ரங்காச்சாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருங்கோ. மைக்ல அனௌன்ஸ் பண்ணிடறேன். எல்லாரும் வெளியே—"

பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வக்கீல் சார்! குண்டுன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அந்தப் படியில பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு. குண்டு வெடிக்கவே வேணாம்."

மூவரும் படியைப் பார்த்தோம். படியில் இரட்டைச் சடைகள். இந்தப் பக்கம் மண்டபத்தில் நாற்காலிகள், கைக்குழந்தைக்காரிகள், தடியூன்றிய பெரியவர்கள். ஜட்ஜ் பேசிக்கொண்டிருந்தார். நம் முன்னோரின் வீரத்தைப் பற்றி.

குண்டை மெதுவாகத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாமா? எப்படி இறங்குவது? படியில் கால் வைக்க இடமில்லை. ஏன் தூக்குகிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் போதும்...

அப்போதுதான் படிப்பக்கம் சலசலப்பு. பிள்ளைகள் எழுந்து ஒதுங்கினார்கள்.

பொன்னம்மாள். தலையில் பூ, கையில் பித்தளைத் தட்டு. வெள்ளிக்கிழமையாயிற்றே என்று வழக்கத்துக்கு இரண்டு மடங்கு கற்பூரம். மாடிக் காற்றில் தீக்குச்சி நிற்காது என்று படியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு வேணாம்மா."

"எது வேணாம்?"

"கற்பூரம். இன்னிக்கு ஒரு நாள்..."

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர், அணைந்த குத்துவிளக்கைக் கண்டுவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கை அணைச்சீங்களா? யாரு வேலை இது? இந்த ஐயா வேலையா?" ரங்காச்சாரியை நேராகப் பார்த்தார். "புகை ஆவாதுன்னு அன்னிக்கே மூஞ்சியத் திருப்பினாரு. ஜட்ஜய்யாவுக்கு மாலை போடலாம். எங்க சாமிக்குக் கற்பூரம் மட்டும் ஆவாதா?"

"அதில்லைம்மா—"

"நீங்க வாக்குக் குடுத்தீங்களா இல்லையா?"

குரல் ஏறியது. பின் வரிசைகளில் தலைகள் திரும்பின. என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு அவர் தட்டை நீட்டினார். தட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. எரிகிற வில்லை ஒன்று சரிந்து விளிம்புக்கு வந்து நின்றது. அதற்கு நேர் கீழே அந்தக் குங்குமப் பொட்டு.

உள்ளங்கையை விரித்து நெருப்பின் மேல் அழுத்தினேன்.

சபை 'ஹா' என்றது. ஜட்ஜ்கூட நிறுத்திவிட்டார். பொன்னம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு நெருப்பே தேவலை என்று தோன்றியது. 'பாவி' என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குக் கண் மட்டும் நிறைந்தது.

"அப்புறம் திட்டுங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும். இப்போ இதை மோந்து பாருங்க." விரிப்பிலிருந்த தூளை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

வேண்டாவெறுப்பாக மூக்கருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது.

"கிணத்து வெடி மருந்து" என்றார், காற்றுப் போன குரலில். அவர் நிலத்தில் கிணறு வெட்டிப் பாறைக்கு மருந்து வைத்தபோது பக்கத்தில் நின்றவராம். பிறகு தெரிந்துகொண்டேன்.

"உங்க சாமி வயித்துக்குள்ளே இதுதான் இருக்கும்மா. நிறைய இருக்கு. காவேரித் தண்ணிக்குக் கொண்டு போயிடணும். ஆனா ஜனத்துக்குத் தெரிஞ்சா படியில மிதிபட்டுச் செத்துடும்."

பொன்னம்மாள் திரும்பிப் படியைப் பார்த்தார். இரட்டைச் சடைகளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

நான் ஜட்ஜுக்கு வைத்திருந்த கூஜாத் தண்ணீரை எடுத்துக் குண்டின் மேல் கவிழ்த்தேன். பாய் தன் கைக்குட்டையை நனைத்து அந்த வட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார். தூக்கப் போனார்.

"விடுங்க பாய். எங்க வீட்டுச் சாமியை நான்தான் தூக்கணும்."

"அம்மா, வேணாம்மா, நான்—"

"விடுங்கன்னேன்ல?"

சும்மாடு கூட்டி, தலையில் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு மைக்கையும் தோற்கடிக்கிற குரலில் ஒரு சத்தம்:

"உழவுக்கருப்பரு காவேரிக்குக் குளிக்கப் போறாரு! வழி விடுங்க தாயி! ஓரமா ஒண்டி நில்லுங்க கண்ணுங்களா, சாமி வருது!"

சபை எழுந்து நின்றது. ஜட்ஜ் கை கூப்பினார். மண்டபத்தின் நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு வழி திறந்தது. படியிலிருந்த பிள்ளைகள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். ஒரு தள்ளு இல்லை, முள்ளு இல்லை. 'குண்டு' என்று சொல்லியிருந்தால் நசுங்கிச் செத்திருக்கும் கூட்டம், 'சாமி' என்றதும் ஒழுங்காக ஒதுங்கிக்கொண்டது.

அப்பாடா என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

தெருவில் இறங்கியபோதுதான் புரிந்தது. சாமி ஊர்வலம் வந்தால் நம் ஜனம் என்ன செய்யும்? சும்மா பார்த்துக்கொண்டு நிற்குமா?

ஒரு கடையிலிருந்து எரிகிற கற்பூரத் தட்டோடு ஒருவர் ஓடி வந்தார். எதிர்ச் சாரியில் ஓர் அம்மாள் நெய் விளக்கோடு இறங்கினார். பூக்காரர் ஒருவர் ஊதுவத்திக் கட்டையே கொளுத்திவிட்டார். உதட்டோரம் பீடி புகைய ஒருவர், "எந்த ஊர் சாமிங்க?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார். முன்னால் அம்மா மண்டபத்துப் படித்துறை. அங்கே கற்பூரம் விற்காத கடை எது?

பக்தி கூடக் கூட ஆபத்தும் கூடியது. இந்த மாதிரி ஒரு கணக்கை நான் வாழ்நாளில் போட்டதில்லை.

ஹனீபா பாய் முன்னால் ஓடினார். குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு:

"நெருப்பு ஆகாது! இந்தச் சாமிக்கு நெருப்பு ஆகாதுங்க! தண்ணிதான்! குடத்துல தண்ணி கொண்டாங்க!"

கற்பூரத் தட்டுக்காரர் நின்றார். "என்ன பாய், நீங்க சொல்றீங்க? எங்க சாமி சங்கதி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூடவே வர்றேன்ல? எனக்குத் தெரியாதா? உக்கிரமான சாமிங்க. குளிர வைக்கணும். தட்டை உள்ளே கொண்டு போங்க முதல்ல!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் தட்டோடு கடைக்குள் போய்விட்டார். பீடிக்காரரை ரங்காச்சாரி பார்த்துக்கொண்டார். பீடியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்த வேகத்தில் அவர் தீட்டு, மடி எல்லாம் பறந்து போயின. அதற்குள் வீட்டு வாசல்களிலிருந்து குடங்கள் வரத் தொடங்கின. பொன்னம்மாளின் தலையோடு தண்ணீர். முகத்தில், கண்ணில், புடவையில் தண்ணீர். அவர் நடை தளரவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

படித்துறையில் காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிறவர்களைப் பாய் விலக்கினார். பொன்னம்மாள் இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கி, குண்டைத் தண்ணீருக்கு அடியில் படிமேல் உட்கார வைத்தார். பிடித்த கையை எடுக்கவில்லை. குமிழி குமிழியாக ஏதோ மேலே வந்தது.

நான் படியில் உட்கார்ந்தேன். ரங்காச்சாரி பக்கத்தில் வந்து சாய்ந்தார்.

"ரங்கா... ரங்கா... ஜட்ஜ் பேச்சு பாதியில நின்னுடுத்தே ஓய்" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரிலிருந்து பொன்னம்மாள் கேட்டார். எங்களைப் பார்க்காமல்.

"அப்போ இத்தனை காலமா நாங்க கும்பிட்டது வெறும் வேட்டுத்தானாய்யா?"

ஆம் என்றால் ஒரு குடும்பத்தின் மாடம் காலி. இல்லை என்றால் பொய். அளவுநாடாவைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய்தான் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "அம்மா, எத்தனை தலைமுறையா இவருக்கு எதிரே நெருப்பைக் காட்டியிருக்கீங்க?"

"தெரியலீங்க பாய். எங்க மாமனாரோட அப்பா காலத்துலேருந்து."

"வாரா வாரம்?"

"வாரா வாரம்."

"ஒரு தடவையாவது வெடிச்சாரா?"

பொன்னம்மாள் திரும்பிப் பார்த்தார். யோசித்தார். "இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுக் குண்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தார், குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி.

போலீசுக்குச் சொல்லி அனுப்பினோம். கூடையில் கட்டி, தண்ணீருக்குள்ளேயே விட்டுக் காவல் போட்டார்கள். மறுநாள் காலையில் வெடிமருந்து விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். நனைந்து ஊறியிருந்த மரக்கட்டையை அவர் நெம்பி எடுத்தார். மை மாதிரிக் கரிய சேறு வழிந்தது. நடுவில் இருந்த கட்டி மட்டும் நனையாமல் இருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூரத்தில் கல்மேல் வைத்து, நீளக் குச்சியால் நெருப்புக் காட்டினார்.

புஸ்ஸென்று வெள்ளை வெளிச்சம். கல் கறுத்துவிட்டது.

ஒரு சிட்டிகைக்கு அவ்வளவு. வயிற்றில் இருந்ததோ இரண்டு கை கொள்ளாத மருந்து. ரங்காச்சாரி திருமண்ணுக்கு மேலே வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

உருண்டையை ஸ்டேஷனில் வைத்துவிடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். நான் வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். சனிக்கிழமை, விளக்கு வைப்பதற்குள்.

"சார், படிச்சவங்க நீங்க. இது வெடிகுண்டு."

பொன்னம்மாள் முன்னால் வந்தார். "மருந்து உங்களுது. எடுத்துக்குங்க. சாமி எங்களுது."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், காலி உருண்டையைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவச் சொல்லி, ஒன்றுமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சரி என்றார்.

மியூசியம் நடத்துகிற எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. பொருளை வீட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டால், அது சும்மா நின்றுவிடும் என்று. அப்படி நிற்குமா? வீட்டில் அதைச் சுற்றி ஓர் எண்ணெய், ஒரு சந்தனம், ஒரு பழக்கம் இருக்கிறது. அதை அழுக்கு என்று தேய்த்துவிடுகிறோம். அந்த அழுக்கு எதை மூடிக் காத்துக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை சாயங்காலம் நானும் பாயும் கூடப் போய்ச் சேர்த்தோம். பொன்னம்மாள் கருப்பரை மாடத்தில் ஏற்றி, வாய் திறந்திருந்த அந்த வட்டத்தைக் கெட்டிச் சந்தனத்தால் அடைத்தார். மேலே குங்குமம். பிறகு கற்பூரம் ஏற்றினார். காட்டி முடித்து, தட்டை என்னிடம் கொண்டுவந்தார்.

"ஒத்திக்குங்கய்யா. பயப்படாதீங்க. இப்போ அவருக்கு வயிறு காலி."

கொப்புளக் கையை நீட்டி ஒற்றிக்கொண்டேன். மனதாரக் கும்பிட்டேன்.

வாசற்படிக்கு வெளியே நின்றுதான்.